சம்பந்தி மாவாட்டிய கதை

ராசா,

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படிக்காமலே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும். ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படி. பசியோடு எதைப் படித்தாலும் உனக்குக் கோபம் வரும். அது உன் அப்பா வழியில் வந்த சொத்து, நான் ஒன்றும் செய்ய முடியாது.

பெண் வீட்டு மேலூர்க்காரர்கள் நம் வீடு பார்க்க வந்துபோனதும், அப்போது எடுத்த வீடியோ நீ இருக்கும் பூனாவரைக்கும் பறந்ததும், நீ உன் அப்பாவுக்குப் போன் போட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியே எம்மாமனார மாவாட்ட வச்சிட்டீங்களேப்பா, இனி நான் எந்த மூஞ்சியோட அங்க போவேன்" என்று கத்தியதும் நடந்து முடிந்துவிட்டது. அவர் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்தார். அப்புறம் ஸ்பானரை எடுத்து, மாவாட்டும் அந்தச் சைக்கிள் மிஷினின் செயினைக் கழற்றி, எண்ணெய் போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். நேற்று நிச்சயதார்த்தப் பேச்சு வந்தபோது, "நீயும் உந்தம்பியும் போயிட்டு வாங்க. நான் வந்தா அவனுக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்கிறார். பெற்ற அப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்க, நிச்சயத்தில் தட்டு மாற்றுவது யார்? உன் தாய்மாமனா? அவன் தட்டில் இருக்கும் பழத்தை அங்கேயே உரித்துத் தின்றுவிட்டு வருவான். விளையாட்டு இல்லை ராசா. அவர் சொன்னால் சொன்னதுதான், நிஜமாகவே வர மாட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ பார்த்தது ஒரு துண்டு வீடியோ. நான் முழுசாகச் சொல்கிறேன்.

அந்த மிஷின் பிறந்த கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை கேள். நீ காலேஜில் கடைசி வருஷம் படித்தாய். மணிக்கணக்கில் கரண்ட் போன காலம். உன் அப்பா லைன்மேன். ரேஷன் கடை, கோயில் வாசல், எழவு வீடு என்று எங்கே போனாலும், "அண்ணே, கரண்ட் எப்ப வரும்" என்று மடக்குவார்கள். அவர் என்னவோ கரண்டை வீட்டில் பானைக்குள் போட்டு மூடி வைத்திருப்பதுபோலப் பேசுவார்கள். அந்த நேரம் பார்த்து நீ ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கனமான இரும்புச் சக்கரம் ஒன்றை மாட்டி, ஒரு பக்கம் கிரைண்டருக்குப் பெல்ட், இன்னொரு பக்கம் சின்ன ஃபேனுக்கு டைனமோ என்று செய்து, ஹாலில் நட்ட நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாய். நீ மிதித்தாய், ஃபேன் சுற்றியது, நான் கை தட்டினேன். அவர் வேலை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "லைன்மேன் வீட்டுலயே சைக்கிள் மிதிச்சுத்தான் காத்து வருதுன்னா ஊரு கைகொட்டிச் சிரிக்கும். இதெல்லாம் ஒரு இன்ஜினியரிங்கா? இரும்புக்கடையில போட்டாப் பேரீச்சம்பழம் குடுப்பான், வாங்கித் தின்னு" என்றார். நீ அன்றைக்கு இறங்கியவன்தான், அப்புறம் அதில் ஏறவே இல்லை. உனக்கு அந்தப் பேரீச்சம்பழம் இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நீ பூனா போனபிறகு இங்கே நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. அவர் ரிட்டயர் ஆனார். சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் நடந்தார். எங்கே? டீக்கடைவரைக்கும். அங்கே ஒரு டீ, இரண்டு வடை, ஊர் அரசியல், திரும்பி ஒரு நடை. போகும்போது இருந்ததைவிட வரும்போது சர்க்கரை கூடியிருந்தது. இப்படி இருக்கும்போதுதான் நம் கிரைண்டர் மோட்டார் புகைந்துபோனது. இட்லிக்கு ஊறப்போட்டது ஊறிக்கொண்டே இருக்கிறது. "கடையில போயி மாவு வாங்கியாங்க" என்றேன். பாக்கெட் மாவு என்றால் அவருக்கு ஆகாது, உனக்குத்தான் தெரியுமே. மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த உன் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றைக்குச் சுட்ட இட்லி பஞ்சுபோல வந்தது ராசா. மிஷின் நிதானமாகச் சுற்றினால் மாவு சூடேறாது என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதற்கப்புறம் அந்த மிஷின் அவருடைய சப்ஸ்டேஷன் ஆகிவிட்டது. தரையில் ஓட்டை போட்டு, போல்ட்டு இறக்கி, கான்கிரீட் போட்டு, கம்பம் நடுவதுபோல நட்டுவிட்டார். கம்பத்தில் வேலை பார்ப்பவன் இறங்கிவந்து தன் வாயால் சொல்லும்வரைக்கும் அந்த லைனில் கரண்ட் விடக்கூடாது என்பது அவர்கள் வேலையில் சட்டம். லைன் கிளியர் என்பார்கள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் மாவைத் தள்ளிவிடக் கிரைண்டருக்குள் கையை விட்டால் மிதிப்பதை நிறுத்திவிடுவார். நான் கையை எடுத்துவிட்டு, "கைய எடுத்துட்டேங்க, மிதிங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி, "அதான் எடுத்துட்டாங்கள்ல அண்ணே" என்று எனக்காகச் சொன்னாள். ஒத்துக்கொள்ளவில்லை. "யாரு கைய விட்டாளோ அவதான் சொல்லணும்" என்று காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடிவிட்டேன். திரும்பி வரும்வரைக்கும் மனுஷன் அப்படியே சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு கூத்தும் கேள். மிதிக்க ஆரம்பித்தபிறகுதான் கரண்ட் என்றால் என்ன என்று அவருக்கே புரிந்ததாம். "ஊருக்கே கரண்ட் குடுத்தவன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். எங்காலு ரெண்டும் சேந்து ஒரு ஃபேனுக்குத்தான் காணும் போல. இஸ்திரிப் பெட்டி ஓடணும்னா நம்ம தெருவே வரிசையா உக்காந்து மிதிக்கணும்" என்றார். அன்றையிலிருந்து வீட்டில் ஒரு லைட் சும்மா எரியக்கூடாது. பாத்ரூம் லைட்டை அணைக்க மறந்தால், "யாரு மிதிக்கிறது" என்று வந்து நிற்பார். ராத்திரி நான் சீரியல் பார்த்தால், "இந்த மாமியாகாரி அழுறதுக்கு மட்டும் எம்புட்டு மிதி தெரியுமா" என்று பெருமூச்சு விடுவார். டி.வி. ஓடுவது என்னவோ கம்பத்திலிருந்து வரும் கரண்டில்தான். ஆனால் சர்க்கரை இறங்கியது. டாக்டர், "வாக்கிங் நல்லாப் போறீங்க போல" என்றார். இவர் ஆமாம் சொல்லவும் இல்லை, இல்லை சொல்லவும் இல்லை.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்பதால் அந்த மிஷினில் நான் கண்ட ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிதிப்பவருக்கு அந்த ஃபேன் காற்று வராது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வரும். கரண்ட் போன மதியங்களில் அவர் மிதிப்பார், நான் காற்று வாங்குவேன். முதலில் சுகமாக இருந்தது. அப்புறம் அவர் கழுத்தில் வேர்வை வழிவதைப் பார்த்ததும் உட்கார முடியவில்லை. "எந்திரிங்க" என்று சொல்லி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஏறினேன். எனக்குக் கால் எட்டாமல் பாதி மிதிதான் விழுந்தது, ஃபேனும் பாதிதான் சுற்றியது. அந்தப் பாதிக் காற்றில் அவர் தூங்கியே போனார். நீ கட்டிக்கொண்டு வரும் பெண் உனக்காக எதையாவது செய்துகொண்டிருக்கும்போது, வரும் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. எழுந்து அவள் முகத்தைப் பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வீடு பார்க்க வருகிறோம் என்று மேலூரிலிருந்து தகவல் வந்ததும் நீ போன் பண்ணினாய். "அந்தச் சைக்கிளத் தூக்கி எங்கயாவது போட்டிருங்கம்மா. கரண்ட் பில் கட்ட முடியாம மிதிக்கிறோம்னு நெனச்சிருவாங்க" என்றாய். எங்கே தூக்கிப் போட? கான்கிரீட்டில் நட்டதை நான் பல்லால் கடித்தா பிடுங்குவேன்? உன் அப்பாவிடம் சொன்னால், "அன்னைக்கு நம்ம பக்கம் ஷட்டவுன், பராமரிப்பு வேலை. பேப்பர்ல போட்டிருக்கான். வேற நாளு பாக்கச் சொல்லு" என்கிறார். வருகிறவர்களைத் தட்டிக்கழிக்கச் சாக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்துவிட்டேன். ஜோசியர் நல்ல நேரம் பார்த்தார், கரண்ட் இருக்குமா என்று பார்க்கவில்லை. சரி, மிஷினை மறைப்போம் என்று என்னுடைய ஆரஞ்சுப் பட்டுச்சேலையை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். யாராவது போய்ச் சாய்ந்துவிடக் கூடாதே என்று முன்னால் ஒரு குத்துவிளக்கை வைத்தேன். விளக்கு மொட்டையாக இருக்கிறதே என்று இரண்டு முழம் மல்லிகைப்பூவும் சுற்றினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

வந்தார்கள். பெண்ணுடைய அப்பா, அம்மா, அத்தை. அந்த அம்மா வாயே திறக்காது. அப்பா நெல் வியாபாரம் பார்ப்பவர், ஆள் வாட்டசாட்டம், பேச்சு குறைவு. எல்லாம் அத்தைதான். உள்ளே நுழைந்ததும் குழாயைத் திறந்து தண்ணீரை நக்கிப் பார்த்தது. பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தது. பீரோக் கண்ணாடியில் தன்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டது. அப்புறம் ஹால் மூலைக்கு வந்ததோ இல்லையோ, அப்படியே நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டது. "எந்தச் சாமி மதினி? நல்லா அமைப்பா வச்சிருக்கீங்க" என்று கேட்டது. "வீட்டுச் சாமி" என்றேன். வேறு என்ன சொல்ல? "திருநீறு குடுங்க" என்றது. ஓடிப்போய்ப் பூஜையறையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

பட்டென்று கரண்ட் போனது. நீ வாங்கித் தருகிறேன் என்று சொன்ன இன்வெர்ட்டர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறதல்லவா, அதனால் ஃபேனும் நின்றது. மதுரை வெயில் உனக்கு மறந்திருக்கும். பெண்ணுடைய அப்பாவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டு, "இங்க அடிக்கடி போகுமோ" என்று கேட்டது. கேள்வி சாதாரணமாக இருந்தாலும் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணை இந்த வெக்கைக்குள்ளே அனுப்ப வேண்டுமா என்று அந்தக் குரலுக்குள் இருந்தது. போதாததற்கு, கிரைண்டரைத்தான் மூடியாயிற்றே, மிக்ஸியில் அடித்துச் சுடச்சுட வடை போடலாம் என்று உளுந்தை ஊறவைத்திருந்தேன். உளுந்துச் சட்டியோடு நான் முழிக்கிறேன். உன் அப்பா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். மூலைக்குப் போனார். விளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். பட்டுச்சேலையை ஒரே உருவு உருவினார். வேட்டியை மடித்துக் கட்டி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மதினி, உங்க வீட்டுக்காரரு சாமி மேல ஏறிட்டாரு" என்று அத்தை கேட்டதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். நெற்றியில் பூசிய திருநீறு அப்படியே இருக்க, வாய் மட்டும் திறந்திருந்தது. பூமி பிளந்தால் உளுந்துச் சட்டியோடு உள்ளே இறங்கியிருப்பேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பெண்ணுடைய அப்பா சேலையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், தன் அக்காவின் நெற்றியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. புரை ஏறி, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடித்துவிட்டும் சிரித்தார். வாயே திறக்காத அந்த அம்மாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. கடைசியில் அத்தையும் சிரித்துவிட்டது. அப்புறம் பெண்ணுடைய அப்பா எழுந்து வந்து உன் அப்பாவை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். நான் கிரைண்டரில் உளுந்தைப் போட்டேன். ஆளுக்கேற்ற மிதி, கல் கிறுகிறுவென்று சுற்றியது. பக்கத்தில் நின்று உன் அப்பா, "நிறுத்துங்க, கை உள்ள இருக்கு. ம், கைய எடுத்துட்டேன்னு அவளே சொல்லிட்டா, மிதிங்க" என்று லைன் கிளியர் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை அப்போதுதான் போனை எடுத்தது. நீ பார்த்த வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அத்தை எடுத்த அந்த வீடியோவை உனக்கு அனுப்பிய கல்யாணப்பெண் சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினாள் என்று உனக்குக் கோபம். அவள் எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, எங்கப்பா எங்க வீட்டுல குடிச்ச டம்ளர எடுத்து வச்சதில்ல. அவர எப்படி மாவாட்ட வச்சீங்க? எங்கம்மா அந்த வீடியோவ விடாமப் போட்டுப் போட்டுப் பாக்குறாங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு. உனக்கு வரப்போகிறவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று அவளிடம் கேள். நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் கிழவன்மேல் பாயாதே.

இப்போது வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். அத்தை போனை எடுப்பதற்கு முன்னால் நடந்தது இது. சிரிப்பெல்லாம் அடங்கியபிறகு பெண்ணுடைய அப்பா, "இது எங்கண்ணே வாங்குனீங்க" என்று கேட்டார். உன் அப்பா மிதித்துக்கொண்டே சொன்னார்: "வாங்கலீங்க. எம்மவன் செஞ்சது. காலேஜு படிக்கையில அவனாக் கணக்குப் போட்டு, எத்தனை பல்லுச் சக்கரம், எம்புட்டு கனம்னு அவனாப் பாத்துப் பாத்துச் செஞ்சது. இன்னைக்கி வரைக்கும் ஒரு நட்டு மாத்தலீங்க. நான் ஆயுசுக்கும் கம்பத்துல ஏறுனேன், எவனோ எங்கயோ உண்டாக்குன கரண்ட கம்பியில கொண்டாந்து விட்டேன். எம்பய உக்காந்த எடத்துலயே உண்டாக்கிக் காட்டுனான். அப்ப எனக்கு அது புரியல. இரும்புக்கடையில போடுன்னு சொல்லிட்டேன். அவன்ட்ட அதுக்கப்புறம் நல்லதா ஒரு வார்த்த..." அதற்குமேல் அவருக்கு வரவில்லை. காலும் நின்றுவிட்டது. ஃபேனும் நின்றுவிட்டது.

அத்தைதான், "சம்பந்தி, பேசுங்க. ஆனா மிதிச்சுக்கிட்டே பேசுங்க, வேர்க்குது" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாதா? அப்போதுதான் பெண்ணுடைய அப்பா எழுந்துவந்து, "இறங்குங்கண்ணே. மாப்ள செஞ்ச வண்டியா, நானும் ஒரு மிதி மிதிச்சுப் பாக்குறேன்" என்றார். அதுவரைக்கும் உன்னைப் பையன், உங்க பையன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குப் பெண் தருவது அந்த நிமிஷத்தில்தான் முடிவானது. அதற்குப் பெயர் மானம் போவது என்றால், அந்த மானம் போகட்டும்.

உன் அப்பா இதையெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டார். முன்பின் தெரியாத மேலூர்க்காரர்களிடம் சொல்ல முடிந்தது, பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வராது. நீயும் லேசுப்பட்டவன் இல்லை. கோபம் என்றால்தான் அவருக்கு நேராகப் போன் போடுவாய். மற்ற நாளெல்லாம் நீ கூப்பிட்டு அவர் எடுத்தால், "நல்லாருக்கியா, சாப்பிட்டியா, இந்தா அம்மாட்டக் குடுக்கிறேன்" என்பார். நீயும் குடுங்க என்பாய். அப்பனும் மகனும் இத்தனை வருஷமாக இந்த ஒரு வரியை வைத்தே குடித்தனம் நடத்திவிட்டீர்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் போன் பண்ணு. மன்னிப்பு கின்னிப்பு என்று ஒன்றும் சொல்ல வேண்டாம், இரண்டு பேருக்கும் அது வராது. செயின் எப்படி இருக்கிறது என்று கேள், தட்டு மாற்ற என்ன கலர்ச் சட்டை போடப்போகிறீர்கள் என்று கேள், எதையாவது கேள். அவர் எடுத்ததும் வழக்கம்போல, "இந்தா, அம்மாட்டக் குடுக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குத்தான் அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கே நான் உசிலம்பட்டிக்கு என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஊருக்குப் போவதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியையும் என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன். வீடு முழுக்கத் தேடினாலும் போனைக் கொடுக்க அவருக்கு ஆள் கிடைக்காது.

அம்மா